குருதிச் சிறுதட்டுக்களும் குருதியுறைதலும்

காயத்திலிருந்து வெளிவரும் குருதி சில நிமிடங்களில் திண்மமாதல் குருதியுறைதல் எனப்படும். இதனைத் தொடக்கி வைப்பவை குருதிச் சிறுதட்டுக்கள் ஆகும்.

சிறுதட்டுக்களின் இயல்புகள்
• என்பு மச்சையிலுள்ள பெரிய கலங்களிலிருந்து பிரியும் துண்டுகள், கரு அற்றவை.
• ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 150 000 – 400 000 வரை காணப்படும்.
• ஆயுட்காலம் 7 – 10 நாட்கள்.

குருதியுறைதலின் படிமுறைகள்
1. ஒட்டுதல்: குருதிக்கலன் வெட்டுப்பட்டதும் அதன் சுவரிலுள்ள கொலாஜன் நார்களில் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்ளும்.
2. திரளுதல்: ஒட்டியவை வடிவம் மாறி, நீட்டங்களை உண்டாக்கி, இரசாயனப் பொருள்களை விடுவிக்கும். இவற்றுட் சில ஏனைய சிறுதட்டுக்களைத் தூண்டித் திரளச் செய்யும். பைபிரினோஜன் போன்ற உறைதற் புரதங்களும் விடுவிக்கப்படும். இத்திரள் தற்காலிக அடைப்பாகும்.
3. வலையாதல்: திரவவிழையத்திலுள்ள உறைதற் காரணிகள் ஒன்றையொன்று தூண்டும். கல்சியம் அயன்களின் முன்னிலையில் புரோத்துரொம்பின், துரொம்பினாக மாறும். துரொம்பின், கரையும் பைபிரினோஜனைக் கரையாத பைபிரின் இழைகளாக மாற்றும். இவ்வலையில் செங்குழியங்கள் சிக்குவதால் குருதிக்கட்டி உண்டாகும்.

பிரயோகம்: கண்ணாடி விரியன் தீண்டல்
இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழுள்ள வயல்களில் அரிவு வெட்டுவோர் அவதானமாக இருக்கவேண்டிய பாம்பு இது. இதன் நஞ்சிலுள்ள நொதியங்கள் 5 ஆம், 10 ஆம் உறைதற் காரணிகளைத் தூண்டும். எனவே காயமின்றியே குருதிக்கலன்களினுள் பைபிரினோஜன் பயன்பட்டுத் தீர்ந்துவிடும். அதன் பின்னர் உண்மையான காயத்தில் வலை அமையாது. பல் முரசிலிருந்தும் சிறுநீருடனும் குருதி வெளியேறலாம்.

வைத்தியசாலையில், நோயாளியின் நாளக் குருதியில் சில மில்லிலீற்றர் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடப்பட்டு 20 நிமிடங்கள் அசையாது வைக்கப்படும். பின்னர் சரித்துப் பார்க்கையில் குருதி திரவமாகவே ஓடினால், நஞ்சு உடலிற் பரவியுள்ளது என அறிந்து நஞ்சு முறிப்பு மருந்து ஏற்றப்படும்.

மாதிரி வினாக்கள்
1. பாம்பு தீண்டிய இடத்தை வெட்டக்கூடாது. ஏன்?
விடை: பைபிரினோஜன் குறைந்துள்ளதால் வெட்டிலிருந்து குருதி பெருகுவது நிற்காது.
2. வலிக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. ஏன்?
விடை: அது சிறுதட்டுக்கள் திரளுதலைத் தடுக்கும், குருதிப் பெருக்கு மேலும் கூடும்.
3. மேற்படி சோதனைக்குக் கண்ணாடிக் குழாய் பயன்படுவது ஏன்?
விடை: கண்ணாடி மேற்பரப்பு உறைதற் காரணிகளைத் தூண்டும், பிளாத்திக்குக் குழாயில் சாதாரண குருதியும் உறையத் தாமதிக்கலாம்.

நினைவிற் கொள்க: தீண்டப்பட்டவரை நடக்கவிடாது, தீண்டிய அவயவத்தை அசையாது வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. இறுக்கிக் கட்டுதல், வாயால் உறிஞ்சுதல் கூடாது.