கடைசி விலை என்ன?

பேரம் பேசுவது பற்றி நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பி, பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டாதே, நாலடி நடந்து போ, தானே கூப்பிடுவான். பெரியம்மா சொன்னது, மாமா செய்து காட்டியது என்று வழிவழியாக வருகிறது. இதில் பாதி தெருக்கடையோடு சரி. மீதி அங்கேகூடச் செல்லுபடியாகாது. பெரிய தொகை கைமாறும் இடங்களில் நாம் வாயே திறப்பதில்லை. எந்த விலை இளகும், எது இளகாது என்பதில் நமக்கு இருக்கும் சில தப்பான எண்ணங்களை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: எம்.ஆர்.பி. அரசாங்கம் போட்ட விலை. அதற்குக் குறைத்து விற்க மாட்டார்கள்.

போடுவது தயாரிப்பாளர், வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர். அச்சிட்டதற்கு மேல் விற்கக் கூடாது என்பது மட்டும்தான் அரசின் கட்டளை. கீழே எவ்வளவு இறங்கினாலும் கடைக்காரர் விருப்பம். 1990-க்கு முன்பு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட்டு விற்கவும் வழி இருந்தது. அந்தத் தனி எவ்வளவு என்பது கல்லாவில் போய் நின்றால்தான் தெரியும். அந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் எல்லா வரியும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை என்ற முறை வந்தது. விலைக்கு அரசே உச்சவரம்பு கட்டும் பொருள்களும் உண்டு. அத்தியாவசிய மருந்துகள் அதில் முக்கியம். அதிலும் மருந்துக்கடைக்காரர் தள்ளுபடி தருவதற்குத் தடை இல்லை.

எம்.ஆர்.பி.யை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். சோப்பு, பிஸ்கட்டில் அச்சிட்ட விலைக்கும் அடக்க விலைக்கும் இடைவெளி சின்னது. மளிகைக்கடைக்காரர் ‘கட்டுப்படியாகாது’ என்றால் பெரும்பாலும் நிஜமாகவே ஆகாது. ஃப்ரிட்ஜ், டி.வி. விஷயம் வேறு. அட்டைப் பெட்டியில் 45,000 என்று அச்சிட்டதை 33,000-க்கு வாங்கிவிட்டு 12,000 மிச்சம் பிடித்ததாக வீட்டில் பெருமை பேசுகிறோம். 45,000 கொடுத்து அதை வாங்கிய ஒரு ஆளைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்.

கூல்டிரிங்ஸுக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் சேர்த்து வாங்கும் பெட்டிக்கடைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் இந்த வாதம் எடுபடாது. அங்கே விற்கப்படுவது வெறும் பாட்டில் இல்லை, சேவையும் சேர்ந்தது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: பேரம் நம் ஊர்ப் பழக்கம். நாகரிகமான பெரிய கடையில் ஒரே விலைதான்.

நூற்றைம்பது, இருநூறு வருடம் முன்புவரை லண்டன், பாரிஸ் கடைகளிலும் பேரம்தான். வாங்கப் போவதைவிடக் கூடுதலாக ஒரு விலை சொல்வது பொய் சொல்வதற்குச் சமம் என்று 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒரே விலைக்கு விற்றார்கள். அது ஊரெல்லாம் பரவியது அறநெறியால் இல்லை. 1852-க்குப் பிறகு பாரிஸின் போன் மார்ஷே, பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கரின் கடை என்று பல மாடி, பல நூறு ஊழியர் கொண்ட கடைகள் கிளம்பின. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் முதலாளியின் லாபத்தை வைத்துப் பேரம் பேச விட முடியுமா? விலையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டார்கள். முதலாளி கல்லாவில் இல்லாத கடைக்குத் தோதான ஏற்பாடு அது.

இதைப் பிடித்துக்கொண்டால் எங்கே பேசலாம் என்பது பாதி விளங்கிவிடும். கடை பெரிதா சின்னதா என்பது விஷயமே இல்லை. எதிரே நிற்பவருக்குக் குறைக்கிற அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணிடம் ‘பார்த்துப் போட்டுக் கொடும்மா’ என்பது அவரைச் சங்கடப்படுத்துவதற்குத்தான் உதவும். பார்கோடு காட்டும் தொகையை மாற்ற அவருக்கு வழியே கிடையாது. அதே கடையின் மேனேஜரிடம் பெட்டி நசுங்கிய குக்கர், காட்சிக்கு வைத்திருந்த மிக்ஸி, காலாவதிக்குப் பத்து நாள் இருக்கும் சரக்கு, விசேஷத்துக்கு மொத்தமாக எடுக்கும் முப்பது கிலோ சர்க்கரை என்று குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் நடக்காது, கேட்டால் நடக்கும் இடங்கள் நிறைய.

வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் நடப்பது ஒரு சின்ன நாடகம். விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டி ஒரு தொகையைக் காட்டுவார். நாம் உதட்டைப் பிதுக்குவோம். ‘இருங்க சார், மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்’ என்று உள்ளே போவார். திரும்பி வரும்போது ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும், முகத்தில் சண்டை போட்டு வாங்கி வந்த களைப்பு இருக்கும். குறைக்க வேண்டிய எல்லை முன்பே அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் என்பதால் இன்னொரு முறை உள்ளே அனுப்பத் தயங்க வேண்டாம். கம்பெனிகள் கடைகளுக்கு மாத இலக்கு, காலாண்டு இலக்கு வைத்து, எட்டினால் ஊக்கத்தொகை தருகின்றன. இரண்டு ஏ.சி. விற்றால் இலக்கு முடியும் என்ற நிலையில் இருக்கும் கடைக்கு மாதக் கடைசியில் போனால் அதே வாய், அதே பேச்சு, வேறு விலை.

நம்பிக்கை: தங்கத்தின் விலை ஊருக்கே ஒன்று. நகைக்கடையில் பேச என்ன இருக்கிறது?

முதல் வாக்கியம் கிட்டத்தட்ட சரி. ஒரு கிராம் 22 காரட் விலை தினமும் அறிவிக்கப்படுகிறது, ஏறினால் இறங்கினால் ஒரே நாளில் இரண்டு முறைகூட. கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது. அதனாலேயே கடையின் சம்பாத்தியம் வேறு வரியில் உட்கார்ந்திருக்கிறது. செய்கூலி, சேதாரம் என்று நாம் சொல்வதை இப்போது பல கடைகள் ஒன்றாக்கி ‘வி.ஏ.’ என்று எஸ்டிமேட் சீட்டில் சதவீதமாகப் போடுகின்றன. இந்தச் சதவீதத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை.

சேதாரம் என்றதும் அவ்வளவு தங்கமும் உண்மையிலேயே வீணாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அரம் தேய்த்த துகளைப் பட்டறையில் யாரும் விட்டுவிடுவதில்லை. கூட்டி, உருக்கி, மறுபடி தங்கமாக்குகிறார்கள். கோவையில் பட்டறைகள் இருக்கும் தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளிச் சலித்துத் தங்கம் பிரித்தெடுத்தே பிழைப்பவர்கள் உண்டு. இயந்திரத்தில் இழைத்த செயினில் சேதம் இன்னும் குறைவு. ஆக, சீட்டில் இருக்கும் சேதாரத்தில் பெரும்பகுதி கடையின் லாபமும் வாடகையும் விளம்பரச் செலவும்தான். அது தப்பு என்று சொல்லவில்லை, கடை நடத்த வேண்டும் அல்லவா? கல்லில் செதுக்கிய எண் இல்லை அது என்று தெரிந்தால் போதும்.

கணக்குக்கு வசதியாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் செயின், தங்கம் மட்டும் 80,000. வி.ஏ. 14 சதவீதம் என்றால் 11,200. மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் சேர்த்து 93,936. அதே செயினுக்கு வி.ஏ.யை 9 சதவீதத்துக்குப் பேசி முடித்தால் 89,816. வித்தியாசம் 4,120 ரூபாய், ஒரே ஒரு பவுனுக்கு. தங்கம் கிராம் 5,000 விற்றபோது இதே 14 சதவீதம் 5,600 ரூபாய்தான். செயின் அதே, உழைப்பும் அதே. தங்கத்தின் விலையில் சதவீதம் போட்டதால் கூலியும் தானாகவே இரண்டு மடங்கு ஆகிவிட்டது. விலை ஏறுகிற காலத்தில் இந்த ஒரு வாதத்தை நிதானமாக எடுத்து வைத்தாலே பல கடைகளில் சீட்டைத் திருத்தி எழுதுவார்கள்.

அந்த எண் இளகும் என்பதற்குக் கடைகளே சாட்சி. மாதாமாதம் பணம் கட்டி 11 மாதம் முடித்தால் ‘செய்கூலி சேதாரம் இல்லை’ என்கிறார்களே, அது எப்படி முடிகிறது? (அதிலும் ‘இத்தனை சதவீதம் வரை’ என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.) பழைய நகையாக விற்கப் போகும் அன்று, கொடுத்த சேதாரத்தில் ஒரு காசு திரும்பி வராது. பேச வேண்டியது வாங்குகிற அன்றுதான்.

பேசக் கூடாத இடமும் சீட்டிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயம். ‘இது இல்லாத பீஸ்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்’ என்பது சலுகை இல்லை. கல் வைத்த நகையானால் கல்லின் எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்தின் விலை போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணாடிக் கல்லைத் தங்க விலைக்கு வாங்கியபின் சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைத்து என்ன பயன்?

நம்பிக்கை: கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவது பாவம்.

வாட்ஸப்பில் வாரம் ஒரு முறையாவது வந்துவிடுகிறது இந்த உபதேசம். பாதி உண்மை. விடியும் முன் கோயம்பேட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து வரும் பலர், முதலையே தண்டலுக்கு வாங்குகிறார்கள். கையில் கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு, பிறகு தினம் தினம் வந்து வசூலிக்கும் கடன் அது. அவரிடம் போய்ப் பத்து ரூபாய்க் கட்டை எட்டுக்குக் கேட்டு நிற்பது எனக்கும் ஒப்பவில்லை.

ஆனால் எல்லாத் தெருக்கடை விலையும் இரக்கத்துக்குரிய விலை இல்லை. பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே ஏற்றிச் சொல்லப்படும் விலை உண்டு, காரில் வந்து இறங்குபவருக்கு ஒன்று, பையோடு நடந்து வருபவருக்கு ஒன்று என்று. தவிர, தெரு வியாபாரத்தில் பேரம் விலையில் மட்டும் நடப்பதில்லை. காய் வாங்கி முடித்ததும் கொசுறாக விழும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பேரத்தின் ஒரு வகைதான். இருவருக்கும் முகம் கோணாத வகை. விலையை ரொம்ப அழுத்தினால் அது தராசில் போய் ஈடாகும் வாய்ப்பும் இருக்கிறது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து, நூறு கிராம் குறைவாக வாங்கி வந்தால் யார் ஜெயித்தது? சட்டென்று இறங்கும் விலையைக் கண்டால் முள்ளையும் எடைக்கல்லின் முத்திரையையும் பார்ப்பது நல்லது.

பேரமே பிடிக்காதவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து, அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்து விற்கும் முறை அங்கே.

நம்பிக்கை: சொன்ன விலையில் பாதி கேள்.

எல்லோரும் பாதி கேட்டால் கடைக்காரர் இரண்டு மடங்கு சொல்வார். சொல்கிறார். இந்த உபாயத்தின் பெரிய ஓட்டை, பேச்சின் ஆரம்பப் புள்ளியை எதிராளி கையில் கொடுத்துவிடுவது. 1,200 என்றவரிடம் 600 கேட்டு, ‘உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்’ என்று 850-ல் முடித்து வெற்றியோடு வருகிறோம். அடுத்த கடையில் அதே பை 500-க்குத் தொங்குகிறது. பாண்டி பஜாரில் ஒரு நடை போய் மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வருவதற்கு எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை. நம் எண்ணை நாம் முன்பே வைத்துக்கொண்டு போனால் அவர் 1,200 சொன்னால் என்ன, 2,000 சொன்னால் என்ன?

நம்பிக்கை: வாய் உள்ளவர்தான் பேரத்தில் பிழைப்பார்.

செவ்வாய், வியாழனில் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் விலை பேசும் இரண்டு பேர் வாயைத் திறப்பதில்லை. ஒரு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துகிறார்கள். எத்தனை விரல் பிடித்தால் எத்தனை ஆயிரம் என்பது தரகருக்கும் வியாபாரிக்கும் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அடுத்தவர் எண் வெளியே கசியாததால் ஒவ்வொரு மாட்டுக்கும் பேச்சு புதிதாகத் தொடங்குகிறது. ஷோரூமில் நாம் மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழுகிற மாதிரி ‘இன்னும் ரெண்டாயிரம் குறைங்க’ என்றால் அவர் எப்படிக் குறைப்பார்? தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நம்பிக்கை: வட்டியில்லா தவணை இருக்கும்போது பேரம் எதற்கு?

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. பெரும்பாலும் அந்த வட்டி, ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடிதான். அதனால் தவணையில் வாங்குவதாக முடிவு செய்திருந்தாலும், முதலில் ரொக்க விலையைப் பேசி முடித்து, அதன் பிறகு தவணைப் பேச்சை எடுங்கள். இரண்டு தொகைக்கும் நடுவே இருப்பதுதான் நிஜமான வட்டி.

நம்பிக்கை: பில் வேண்டாம் என்றால் நல்ல விலை கிடைக்கும்.

குறைவது கடைக்காரர் லாபத்திலிருந்து இல்லை, அரசுக்குப் போக வேண்டிய வரியிலிருந்து. வரி ஏய்ப்புக்கு உடன்போவது ஒரு பக்கம் இருக்கட்டும், வாரன்ட்டி கேட்கும் நாளில் கையில் தாள் இருக்காது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாள் வரை இது பொருந்தும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை மாட்டினாலும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால் அவர்கள் முதலில் கேட்பதும் அந்தப் பில்லைத்தான். ‘பில் எதுக்கு சார், நம்ம கடைதானே’ என்று கடைக்காரர் ஆரம்பித்தால், அந்தக் குறைத்த விலையையே பில்லோடு கேட்டுப் பாருங்கள். முழுதாகத் தராவிட்டாலும் பாதியாவது இறங்கி வருவார். விற்காமல் அனுப்ப அவருக்கும் மனம் வராது.