கேனின் பின்பக்கத்தைப் பாருங்கள்

"ஒரே கம்பெனி ஆயில்தான் ஊத்தணும். மாத்தினா இன்ஜின் போயிடும்." திருவெறும்பூர் பக்கம் பட்டறைகளில் இப்படிச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் ஸ்பிளெண்டருக்கு வேறு கம்பெனி ஆயில் வாங்கியபோது எனக்கும் இதையே சொன்னார்கள். வண்டி நன்றாகவே ஓடுகிறது.

கேனின் முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்க எழுத்துகள்தான் முக்கியம். என் வண்டியின் கையேடு கேட்பது 10டபிள்யூ-30, கூடவே ஜாசோ எம்ஏ என்ற தரக்குறி. முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. நம்மூர் மார்கழிக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டாவது எண், இன்ஜின் சூடேறிய பின் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. சித்திரை வெயிலில், தொழிற்சாலை ஷிப்டு விடும் நேரத்தில், தஞ்சாவூர் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து பாருங்கள். காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜினுக்கு அந்தக் காற்றும் கிடைக்காது. அதற்காக 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன இன்ஜினில் கெட்டி ஆயில் இழுவையையும் மைலேஜையும் குறைக்கும்.

ஜாசோ எம்ஏ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் இதே ஆயிலில்தான் ஊறுகின்றன. உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்; பாலம் ஏறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஸ்கூட்டருக்குக் கிளட்ச் தனி என்பதால் அதற்கு ஜாசோ எம்பி வகை போதும். அதில் மிஞ்சியதை பைக்கில் ஊற்றாதீர்கள்.

மாற்றிய மறுநாளே "கியர் வெண்ணெய் மாதிரி விழுது" என்று மயங்கவும் வேண்டாம். எந்தப் புது ஆயிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த சர்வீஸ் நெருங்கும்போது, நன்றாகச் சூடேறிய வண்டியில் நியூட்ரல் சுலபமாக விழுகிறதா, ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நிறம் கறுத்தால் பயப்படாதீர்கள். அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். மட்டம் பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஸ்பிளெண்டரில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா இறக்கி எடுக்க வேண்டும்.

ஆயில் மாற்றும்போது டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் கேட்டு வாங்குங்கள். முரட்டுத்தனமாக முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும். காலிக் கேனில் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், போலி ஆயில் அடைக்க அது உதவக்கூடாது. பழைய ஆயில் பட்டறை டிரம்முக்குப் போகிறதா என்று நின்று பாருங்கள். சாக்கடையில் விட்டால் அது உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் நம் வயல்வரை போய்ச் சேரும்.