மதிப்பெண் மறைக்கும் மீத்திறன்

நுழையுமுன்

மீத்திறன் மிக்க மாணவர், மெல்லக் கற்கும் மாணவர் என்று வகுப்பறையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். ஒரே மாணவர் இவ்விரு வரிசையிலும் இருக்கக்கூடுமா? இருந்தால், மூன்று மணி நேர எழுத்துத்தேர்வு அவரை எவ்வாறு அளக்கும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பெருக்கத் தெரிந்த பெர்சி

இங்கிலாந்தின் கடலோர ஊரான சீஃபோர்டில் வாழ்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 1896ஆம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்னும் அச்சிறுவனுக்கு வயது 14. அறிவுக்கூர்மை உடையவன், விளையாட்டிலும் பிறருக்குக் குறைந்தவன் அல்லன். ஏழு வயது முதல் ஆசிரியர்களிடம் பயின்றும் எளிய சொற்களைக்கூட அவனால் தட்டுத்தடுமாறியே படிக்க முடிந்தது. தன் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். பிறர் சுட்டும் வரை தவற்றை உணரவில்லை. அதே சிறுவன், 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகச் சரியான விடையைத் தந்தான். பாடங்கள் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்தவன் இவன்தான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் கருதினார்.

ஒன்றையொன்று மறைத்தல்

பெர்சியிடம் காணப்பட்டதை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். எழுத்தையும் ஒலியையும் விரைந்து இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு இது. எழுதுவதில் தோன்றுவது டிஸ்கிராபியா. எண்களைக் கையாள்வதில் தோன்றுவது டிஸ்கால்குலியா. இவை சோம்பலின் விளைவுகள் அல்ல. அறிவுக்குறைவின் அடையாளங்களும் அல்ல.

தமிழில் 'கொ' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒலிக்கும்போது ககரம் முன்னும் ஒகரம் பின்னும் கேட்கின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்க, ககரம் நடுவில் அமைகிறது. நம்மில் பலருக்குத் தொடக்க வகுப்பிலேயே பழகிப்போன இந்த இணைப்பு, கற்றல் குறைபாடு உடையவருக்கு ஒவ்வொரு வரியிலும் புதிய உழைப்பாகிறது.

மீத்திறன் உடைய குழந்தை இவ்வுழைப்பைத் தன் அறிவால் ஈடுசெய்யப் பார்க்கிறது. ஆசிரியர் சொல்வதைக் கேட்டே நினைவில் நிறுத்துகிறது. படிக்க இயலாத சொல்லைச் சூழலைக் கொண்டு ஊகிக்கிறது. இறுதியில் நடுத்தர மதிப்பெண் கிடைக்கிறது. குறைபாடு திறனை மறைக்க, திறன் குறைபாட்டை மறைக்கிறது. "தேர்ச்சி பெற்றாயிற்றே, கவலை எதற்கு?" என்கிறார் ஒருவர். "முயன்றால் முதலிடம் பெறலாம், முயல்வதில்லை" என்கிறார் மற்றொருவர். ஏற்கெனவே பிறரைவிட மிகுதியாக முயன்று களைத்தவரை நோக்கியே இச்சொற்கள் சொல்லப்படுகின்றன. வகுப்பு உயர உயரப் பாடப்பகுதி பெருகும். ஊகமும் நினைவும் மட்டும் போதாமற்போகும்.

சராசரி என்னும் திரை

ஆகவேதான் உளவியலாளர் ஒரே மொத்த மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. சொல்லறிவு, காட்சிவழிச் சிந்தனை, புதிய சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல், செயல்படு நினைவு, செயல்வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கின்றனர். ஒவ்வொன்றிலும் பொதுச்சராசரி 100. ஒரு மாணவர் முறையே 132, 128, 130, 85, 75 பெற்றதாகக் கொள்வோம். ஐந்தையும் கூட்டிச் சராசரி கண்டால் 110 வரும். அந்த 110இல் அவருடைய உயரமும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

சட்டமும் தேர்வறையும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் வகுத்த 21 வகைகளுள் அதையும் சேர்த்தது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களைத் தேர்வுமுறையில் செய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளிலும், உரிய மருத்துவச் சான்று பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு முதலியவை வழங்கப்படுகின்றன.

இவற்றைச் 'சலுகை' என்றே வழங்குகிறோம். "அவருக்கு மட்டும் ஏன் ஒரு மணி நேரம்?" என்று உடன்பயில்வோர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு நேர்மையான விடை தேவை. வரலாற்றுத்தேர்வு ஒரு போரின் காரணங்களை அறிந்தவர் யார் எனச் சோதிக்கிறது. விரைந்து எழுதுபவர் யார் என அன்று. சொல்வதை எழுதுபவர் விடை தருவதில்லை. மாணவர் கூறும் விடைக்கு எழுத்து வடிவம் தருகிறார். விடை அறியாதவருக்குக் கூடுதல் நேரம் மதிப்பெண்ணை ஈட்டித் தராது. ஆனால், பிழையின்றி எழுதும் திறனையே ஒரு தேர்வு சோதிக்குமாயின் அங்கு இவ்வுதவி பொருந்தாது. எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால், எந்த உதவி நீதியானது என்பதும் தெளிவாகும்.

தேர்வறை உதவி பாதிப் பணியே. கணக்கில் ஓங்கிய மாணவருக்கு எழுத்துப் பயிற்சி மட்டுமே அளித்து, அரிய கணக்குகளைத் தராமல் விடுவதும் இழப்பாகும். குறைக்குத் துணையும் திறனுக்குத் தீனியும் ஒருங்கே வேண்டும்.

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், 'கேள்வி'க்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நூல்களைக் கற்காதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்றார். செவிவழி வந்த அறிவும் அறிவே என்பது நமக்குப் புதிதன்று. அதை அளக்கத் தேர்வறையில் இடமளிப்பதே இனி நாம் செய்ய வேண்டியது. உங்கள் வகுப்பில் நன்றாகப் பேசி, குறைவாக எழுதும் நண்பர் ஒருவர் இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று அழைக்குமுன் பெர்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. கூடுதல் நேரம் வழங்குவது பிற மாணவருக்கு இழைக்கும் அநீதியா? வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. நீங்கள் எழுதிய தேர்வுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அது எத்திறன்களை அளந்தது, எவற்றை அளக்கத் தவறியது என ஒரு பக்க அளவில் எழுதுக.