மாலை நேரத்து அழுகை

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. தாத்தா, பாட்டன் காலத்தில் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பலரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடிகாலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பிறகு திரும்புவார்கள்.

தாசும் அப்படித்தான். பெங்களூரில் கட்டட வேலை. காலை நான்கு மணிக்கே எழுந்து விடுவான்.

தாசும் அவன் மனைவி செல்வியும் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். தாசின் தாயும் கூட இருந்தாள். லைன் வீடு என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

செல்விக்குத் தலைப்பிரசவம். அரசு ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம். பெண் குழந்தை. எடை 2 கிலோ 900 கிராம். செல்விக்குத் தாய் இல்லை. அதனால் மாமியாரே பிள்ளையையும் தாயையும் பார்த்துக் கொண்டாள்.

அழுகை தொடங்கியது

இரண்டு வாரம் குழந்தை நன்றாக இருந்தது. பால் குடித்தது. தூங்கியது. மூன்றாவது வாரத்தில் அழத் தொடங்கியது.

பகலில் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் அழுகை ஆரம்பித்துவிடும். முகம் சிவந்து போகும். கை விரல்களை இறுக மூடிக் கொள்ளும். கால்களை வயிற்றோடு மடக்கும். வயிறு கல் போல இருக்கும். இடையில் காற்றுப் பிரியும். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கும். பிறகு தலையைத் திருப்பிக் கொண்டு வீறிட்டு அழும். இரவு பத்து, பதினொரு மணி வரை இதே கதைதான்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கண் பட்டிருக்கும். சுற்றிப் போடு" என்றாள் பக்கத்து வீட்டு ஆயா.

"உன் பால் போதவில்லை. டின் பால் வாங்கிக் கொடு" என்றாள் எதிர் வீட்டுப் பெண்.

"நீ பருப்பு சாப்பிட்டாய் அல்லவா? அந்த வாயுதான் பிள்ளைக்கு" என்றாள் மாமியார்.

செல்வி பருப்பை விட்டாள். கீரையை விட்டாள். ரசம் சோறு மட்டும் சாப்பிட்டாள். குழந்தையின் அழுகை குறையவில்லை. செல்விக்குத்தான் உடம்பு தளர்ந்தது. குழந்தை அழும்போது அவளும் அழுதாள். 'நான் ஒரு நல்ல தாய் இல்லையோ' என்று நினைத்தாள்.

அந்த இரவு

ஒரு நாள் இரவு பதினொரு மணி. குழந்தை ஐந்து மணி நேரமாக அழுது கொண்டிருந்தது. தாஸ் படுத்தான், எழுந்தான், மறுபடி படுத்தான். நான்கு மணிக்கு எழ வேண்டும். தூக்கம் இல்லாமல் சாரத்தில் ஏறினால் கால் தடுமாறும்.

அவனுக்கு ஆத்திரம் வந்தது. குழந்தையின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கினான். "வாயை மூடு!" என்று கத்தினான். குலுக்கப் போனான்.

மாமியார் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் கொண்டாள். "டேய், பச்சைப் பிள்ளைடா! கழுத்து நிற்காதுடா!" என்றாள். குழந்தையை வாங்கிக் கொண்டாள்.

தாஸ் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தான். அவன் கைகள் நடுங்கின.

ஆஷா அக்கா வந்தார்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழந்தை பிறந்து 42வது நாள். ஆஷா அக்கா வந்தார். ஆஷா என்பது அவர் பெயர் அல்ல, அவர் செய்யும் வேலையின் பெயர். குழந்தை பிறந்த வீட்டுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வந்து பார்ப்பார்.

அக்கா முதலில் குழந்தையை எடை போட்டார். 3 கிலோ 950 கிராம். காய்ச்சல் பார்த்தார். இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக இருந்தது. கை, கால் விரல்களைப் பார்த்தார். சில நேரம் நூலோ தலைமுடியோ விரலில் சுற்றி இறுகிக் கொள்ளும். அதனாலும் குழந்தை அழும். அப்படி எதுவும் இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறது?" என்று கேட்டார்.

"ஏழு, எட்டுத் தடவை போகும் அக்கா" என்றாள் செல்வி.

"அப்படியானால் பால் போதும். ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால், எடையும் கூடினால், பால் போதுகிறது என்று அர்த்தம். உன் பிள்ளை ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறாள். எல்லாம் உன் பால்தான். டின் பால் வேண்டாம்."

செல்வியின் கண் கலங்கியது. "பிறகு ஏன் அக்கா இப்படி அழுகிறாள்?"

"இதைக் கோலிக் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தை, காரணம் தெரியாமல் வெகு நேரம் அழும். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் கூட அழும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே நின்றுவிடும். ஏன் வருகிறது என்று டாக்டர்களாலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இது தாயின் குற்றம் இல்லை."

மாமியார் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்போது அவள் பருப்பு சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

"சாப்பிடட்டும் அம்மா. பருப்பு, கீரை, முட்டை எல்லாம் சாப்பிடட்டும். பால் கொடுப்பவளுக்குப் பசி அதிகம். பத்தியம் என்று வயிற்றைக் காயப் போட்டால் அவள்தான் படுத்து விடுவாள்."

அழுகையைத் தணிக்கும் வழிகள்

அக்கா ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

குழந்தை அழுதால் முதலில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பசியா? துணி நனைந்திருக்கிறதா? புழுக்கமா, குளிரா? எதுவும் கடித்திருக்கிறதா, குத்துகிறதா?

பால் கொடுக்கும்போது காம்பை மட்டும் சப்ப விடாதீர்கள். காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை காற்றையும் சேர்த்து விழுங்கும்.

பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போடுங்கள். முதுகை மெதுவாகத் தட்டுங்கள். ஏப்பம் வரும்.

குழந்தையை மார்போடு அணைத்துக் கொண்டு மெதுவாக நடங்கள். உடம்போடு உடம்பு பட்டால் குழந்தைக்கு ஆறுதல் கிடைக்கும்.

முன்கையின் மேல் குப்புறப் போட்டுக் கொள்ளலாம். தலை முழங்கைப் பக்கம் இருக்கட்டும். வயிறு கையில் அழுந்தினால் சில குழந்தைகளுக்கு இதமாக இருக்கும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் சைக்கிள் மிதிப்பது போல மெதுவாக மடக்கி நீட்டுங்கள். காற்றுப் பிரியும்.

விளக்கைக் குறையுங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். காதருகில் "உஷ்... உஷ்..." என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். தாலாட்டுப் பாடுங்கள்.

தூளியை மெதுவாக ஆட்டலாம். வேகமாக வீசி ஆட்டக் கூடாது. தூங்கிய பிறகு சமமான பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறப் படுக்க வைத்துத் தூங்க விடக் கூடாது.

வீட்டுக்குள் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

"இவை எல்லாம் எல்லாக் குழந்தைக்கும் பலிக்காது. ஒன்றில் நிற்காவிட்டால் இன்னொன்றைச் செய்யுங்கள். எதிலும் நிற்காத நாளும் இருக்கும். அன்றைக்கும் நீங்கள் தூக்கி வைத்திருப்பது வீண் இல்லை" என்றார் அக்கா.

கொடுக்கக் கூடாதவை

மாமியார் உள்ளே போய் ஒரு வசம்புத் துண்டை எடுத்து வந்தாள். "என் மூன்று பிள்ளைகளையும் இதை உரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தேன். இதையும் கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்க வேண்டாம் அம்மா. அளவு தெரியாமல் உள்ளே போனால் பச்சைக் குழந்தைக்குக் கெடுதல் செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர் கூட வேண்டாம். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், பெருங்காயத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தூங்க வைக்க அபின் கொடுப்பவர்கள் உண்டு. அது உயிரைக் கொல்லும். வயிற்றில் சூடு போடுவது பெரிய கொடுமை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் கொடுங்கள்."

மாமியார் வசம்பைப் பார்த்தாள். பிறகு அதைக் கொண்டு போய் மாடத்தில் வைத்துவிட்டாள்.

கோபம் வந்தால் என்ன செய்வது?

தாஸ் வாசலிலேயே நின்று கொண்டிருந்தான். தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"அக்கா, நேற்று ராத்திரி நான் பிள்ளையைக் குலுக்கப் போய்விட்டேன். அம்மா தடுத்தார்கள்."

அக்கா அவனைத் திட்டவில்லை.

"சொன்னது நல்லதாகப் போயிற்று தம்பி. பல பேர் சொல்வதே இல்லை. பச்சைக் குழந்தையின் தலை பெரிது. கழுத்துக்குப் பலம் இல்லை. குலுக்கினால் மூளை உள்ளே மோதும். இரத்தம் கசியும். கண் போகலாம். உயிரே போகலாம். ஒரு சில விநாடி போதும்."

"கோபம் அடக்க முடியவில்லையே அக்கா."

"கோபம் வரும். தூக்கம் இல்லாத யாருக்கும் வரும். அப்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வை. சுற்றி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள். வேறு யாரிடமாவது கொடுக்க முடிந்தால் கொடு. நீ வெளியே போய் நில். தண்ணீர் குடி. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார். ஐந்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால்தான் ஆகும்."

அன்று வீட்டில் முறை போட்டுக் கொண்டார்கள். ஆறு மணி முதல் எட்டு மணி வரை மாமியார். எட்டு மணி முதல் ஒன்பதரை வரை தாஸ். அந்த நேரம் செல்வி தூங்குவாள். ஒன்பதரைக்குப் பிறகு குழந்தை செல்வியிடம். அப்போது தாஸ் தூங்குவான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

எல்லா அழுகையும் கோலிக் ஆகாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

- பால் குடிக்கவில்லை.
- அக்குளில் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் 99.5 டிகிரி அல்லது அதற்கு மேல். அல்லது உடம்பு ஜில்லென்று இருக்கிறது.
- பச்சை நிறத்தில் வாந்தி. அல்லது ஓயாத வாந்தி.
- மலத்தில் இரத்தம்.
- வயிறு உப்பி, அழாத நேரத்திலும் இறுகியே இருக்கிறது.
- தொடை இடுக்கில் வீக்கம்.
- உச்சிக்குழி புடைத்திருக்கிறது.
- மூச்சு வேகமாக வாங்குகிறது. நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல்.
- வலிப்பு.
- துவண்டு கிடக்கிறது. எழுப்பினாலும் விழிக்கவில்லை.
- அழுகைச் சத்தம் வழக்கம் போல இல்லை. முனகலாகவோ, கிறீச்சென்றோ இருக்கிறது.

மூத்திரம் போவது குறைந்தாலும், எடை கூடாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது மாதம்

அழுகை உடனே நிற்கவில்லை. ஆனால் வீட்டில் பயம் நின்றது. எட்டு மணி ஆனதும் தாஸ் குழந்தையைத் தோளில் போட்டுக் கொள்வான். திண்ணையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். ரயில் போவது போல "தடக்... தடக்..." என்று மெதுவாகச் சொல்வான். சில நாள் குழந்தை தூங்கிவிடும். சில நாள் தூங்காது. அவன் நடந்து கொண்டே இருப்பான்.

இரண்டரை மாதத்தில் அழுகை ஒரு மணி நேரமாகக் குறைந்தது. மூன்று மாதம் முடிந்தது. ஒரு நாள் விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியும் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தாள். "என்ன செல்வி, பிள்ளையைக் காணோம்? ஊருக்கு அனுப்பி விட்டாயா?"

"இங்கேதான் இருக்கிறாள் ஆயா. அவங்க அப்பாவைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருக்கிறாள்" என்றாள் செல்வி.

நினைவில் வையுங்கள்

1. கோலிக் அழுகை மூன்று, நான்கு மாதத்தில் தானாக நிற்கும்.
2. அது தாயின் குற்றம் இல்லை. பாலின் குற்றமும் இல்லை.
3. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.
4. எவ்வளவு கோபம் வந்தாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது.
5. ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேசிப் பாருங்கள்

1. செல்வியின் பால் போதுகிறது என்று ஆஷா அக்கா எப்படித் தெரிந்து கொண்டார்?
2. உங்கள் ஊரில் அழும் குழந்தைக்கு என்னென்ன கொடுக்கிறார்கள்? அவற்றில் எவை கெடுதல்?
3. குழந்தை அழும் வீட்டுக்கு அக்கம் பக்கத்தார் என்ன உதவி செய்யலாம்?