பத்து சென்ட் மனையும் பருவங்களின் வரவு செலவும்

ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலையை அறிய முற்படுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: கூலி எவ்வளவு? விளைநிலம் எவ்வளவு? வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலம் என்ன தருகிறது என்ற மூன்றாவது கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் கேரளத்தின் கிழக்கு எல்லையில், தமிழ் வழங்கும் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் ஏழைக் குடும்பங்களின் நிலையை இம்மூன்றாவது கேள்வியின்றி விளங்கிக்கொள்ள இயலாது.

பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்துள்ள மாவட்டங்கள் அல்ல. முன்னது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்கணவாயில், 1957-இல் அமைந்த மாவட்டம். நெல் வயல்களுக்குப் பெயர் பெற்றது. பின்னது 1972 ஜனவரி 26 அன்று உருவான மலை மாவட்டம். தேயிலையும் ஏலமும் மிளகும் அதன் செல்வம். எனினும் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், மனை நிலம் உள்ள ஏழைக்கும் அஃது இல்லாத ஏழைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும்.

சட்டம் தந்த மனை

1969-ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்த (திருத்த)ச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை அமைத்து வாழ்ந்த 'குடிகிடப்புக்காரர்கள்', ஊராட்சிப் பகுதிகளில் தம் குடிசையையும் சுற்றியுள்ள 10 சென்ட் வரையிலான நிலத்தையும் விலைக்குப் பெறும் உரிமையை இச்சட்டம் அளித்தது. அதற்கு முன் நில உடைமையாளர் வெளியேறச் சொன்னால் கூலியாள் வெளியேறவேண்டியிருந்தது. நாளை தனதாகுமா என்று தெரியாத மண்ணில் எவரும் தென்னம்பிள்ளை நடுவதில்லை. உரிமை உறுதியான பின்னரே மனை தோட்டமாயிற்று.

10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏழு மரங்களுக்கே இடமுண்டு. வீடும் கிணறும் தொழுவமும் போக நான்கைந்து மரங்கள் நிற்கும். ஆனால் மனைத்தோட்டம் ஒற்றைப் பயிரை நம்புவதன்று. பாலக்காட்டில் 'தொடி' என்று வழங்கும் இந்நிலத்தில் பயிர்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலே தென்னையும் பாக்கும், அடுத்துப் பலாவும் மாவும், அவற்றின் தண்டைப் பற்றி மிளகுக்கொடி, இடையே வாழை, நிழலில் சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள். அடுக்களைக் கழிவுநீர் வாழைக்கும், ஆட்டுப் புழுக்கை கிழங்குக் குழிக்கும் போய்ச் சேர்கின்றன. ஒரே வெயிலும் ஒரே எருவும் பலமுறை பயன்படுவதே இம்முறையின் சிக்கனம்.

ஆண்டின் சுழற்சி

மாசி மாதத்தில் கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் சேனை நடப்படுகிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வலுக்கிறது. ஜூன் இறுதியில் வரும் திருவாதிரை ஞாட்டுவேலையில் மிளகுக்கொடி நடுவது நெடுநாள் வழக்கம். இடைவிடாத மழையும் இடையிடையே வரும் வெயிலும் கொடி வேர்பிடிக்க ஏற்றவை என்பதே அதன் காரணம்.

ஆடி மாதமாகிய கர்க்கடகம் பஞ்ச மாதம் எனப்படும். வயல் வேலை குறையும், கூலி நிற்கும். கோடையில் சேர்த்துவைத்த பலாக்கொட்டையும், தொடியில் பறித்த கீரைகளும், சேம்பும் அப்போது அடுப்பை அணையாமல் காக்கின்றன. ஆவணியில் முதற்போக நெல்லாகிய 'விரிப்பு' அறுவடையாகும், ஓணம் வரும். முந்திய ஐப்பசியில் நட்ட நேந்திரன், தாராகச் சந்தைக்குச் சென்று ரொக்கப் பணம் தருவதும் அப்போதுதான். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட கீழைக்காற்று வீசும்போது சேனை வீட்டிற்கு வந்துவிடும். மிளகு பறிப்பும் தொடங்கும்.

கூலி கிடைக்கும் மாதங்களும் தோட்டம் தரும் மாதங்களும் ஒன்றல்ல. ஒன்று குன்றும்போது மற்றொன்று தாங்குகிறது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் மனையின் வருவாய் சிறிதே. ஆனால் அது வரும் வேளையே அதன் மதிப்பு. கர்க்கடகத்தில் கடன் வாங்காமலிருக்கும் குடும்பம், ஆவணியில் வட்டி கட்டவேண்டியதில்லை.

வீட்டுத் தேவைக்காக விளைவித்த பொருளும் நாட்டு வருமானக் கணக்கில் சேரத்தக்கதே என்பது ஏற்கப்பட்ட நெறி. ஆயினும் நாள்தோறும் கைப்பிடியளவாகப் பறிக்கப்படுவதை அளப்பது கடினம். பெரும்பாலும் அதைப் பறிப்பவர் பெண்கள்; எனவே பொருளோடு அவர்தம் உழைப்பும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

நீரே எல்லை

சித்தூரின் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. கரிசல் மண்ணும் பனையும் உடையது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதே இங்குள்ளோர் கணக்கு. 1970 மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்திற்குரியது. இந்நீர் வந்தால் கிணறு ஊறும்; கிணறு ஊறினால் மனை தழைக்கும். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கிணறுகள் கெட்டன என்று மக்கள் போராடியதும், 2003-இல் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்ததும், 2004 மார்ச்சில் ஆலை நின்றதும் இவ்வுண்மையை உணர்த்துவன.

மனையற்ற மலை

இடுக்கியிலும் மனைத்தோட்டங்கள் உண்டு. மறையூரின் மழைமறைவுப் பகுதியில் கரும்பும், காந்தளூர், வட்டவடையில் வெள்ளைப்பூண்டும் சிறு நிலங்களில் விளைகின்றன. ஏலத்தை மட்டும் நம்பிய குடியானவரின் இடர் வேறு. 2019 ஆகஸ்டில் ஏலச்சந்தையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022-இல் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. வீட்டருகே கிழங்கும் வாழையும் வைத்திருந்தவர், குறைந்த பட்சம் உணவுக்காக அவ்விலையை எதிர்நோக்கவில்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நிலையோ முற்றிலும் வேறு. தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றவை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. அவ்வீடே 'லயம்' எனப்படும் வரிசை வீடு. அது வேலையோடு வருவது. வேலை முடிந்தால் விடவேண்டியது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், லயத்தின் ஓரத்தில் அவரையும் கீரையும் வளர்த்தபோதும், நீண்ட நாள் பயன் தரும் மரம் நடவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டனர். உயிர் தப்பியோரில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறை அடுத்த குட்டியார் பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் பின்னர் அளிக்கப்பட்டன. சொந்த மனை என்பது அவர்களுக்குப் பேரிழப்பின் பின்னரே வாய்த்தது.

செய்யத்தக்கன

வீடு வழங்கும் திட்டங்கள் சுவரையும் கூரையையும் அளக்கின்றன. சுற்றியுள்ள மண்ணையும் அவை அளக்கவேண்டும். பாதுகாப்பான சரிவில், கிணற்றுக்கு இடமுள்ள சில சென்ட் நிலம், அறைகளின் எண்ணிக்கையைவிட நெடுநாள் பயன் தரும். 2018-இல் பலாவை மாநிலக் கனியாக அறிவித்தது கேரளம். கோடையில் அழுகி வீணாகும் பலாவைக் கர்க்கடகம் வரை காக்கும் சிறு உலர்த்தும் வசதி ஊராட்சிதோறும் அமைந்தால் அவ்வறிவிப்பு பயனுறும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, களஆய்வுக்குச் செல்லும் அலுவலர் தம் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தல் வேண்டும்: இக்குடும்பம் கர்க்கடக மாதத்தில் எதை உண்டது? அதற்குக் கிடைக்கும் விடையே மனையின் உண்மையான மதிப்பாகும்.