லேப்டாப் எழவில்லையா? குழுக் கணக்கு எங்கும் போகவில்லை



2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப்பில்தான் நம்மில் சிலர் குழுக் கணக்கை ஏத்தி வைத்திருக்கிறோம். ஒரு நாள் பட்டனை அழுத்தினால் உயிரே வராது. கடன் கணக்கெல்லாம் போச்சே என்று பதற வேண்டாம். கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்க்கில். பெரும்பாலும் அது பத்திரமாகவே இருக்கும்.

விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜரை வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கி, அடியில் உள்ள பேட்டரியையும் கழற்றி, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்தால் பல சமயம் எழுந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி மாட்டவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஃபேன் சுத்துது, திரை மட்டும் கறுப்பா? டார்ச் அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் திரைக்குள் இருக்கும் விளக்குதான் போயிருக்கிறது. வேறு மானிட்டரை இணைத்துக் கணக்கைப் பார்க்கலாம்.

ஆன் ஆகிறது, ஆனால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடுகிறதா? மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். இதை நாம் லேசாக விட்டுவிடுகிறோம். அந்தத் தேதியிலேயே தவணையைப் பதிந்தால் வட்டி தப்பாகும். ஒழுங்காகக் கட்டிய அக்கா பாக்கிக்காரி ஆகிவிடுவார். தேதியைத் திருத்திவிட்டுத்தான் பதிய வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் பண்ணிடலாம்க்கா" என்பார்கள். உடனே தலையாட்டாதீர்கள், கணக்கும் சேர்ந்து அழியும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்கைப் பென் டிரைவில் எடுத்துத் தந்த பிறகுதான் மற்ற வேலை. அந்தப் பென் டிரைவ் நம்ம திண்டுக்கல் பூட்டுப் போட்ட குழுப் பெட்டியில், தீர்மான நோட்டோடு இருக்கட்டும்.