அய்யன் போட்ட கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் மச்சானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலை நடைதான் நின்றுபோய்விட்டது. அம்மிணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

தையில் ஒரேயடியாக ஊருக்கே வந்துவிடுகிறோம் என்று நீ சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் போனில் வேறெதுவும் பேச வரவில்லை. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாயே, சின்ன மாமா மகனுடைய பனியன் கம்பெனியில் ரெண்டு கோடி போடலாம் என்று இருக்கிறேன் என்று. அன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. போனில் சொன்னால் "சரிக்கா, பார்க்கலாம்க்கா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முடிவு உன்னுடையது. நியூஜெர்சிக் குளிரில் நீ உழைத்த காசு. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஆடிட்டர் ஆபீசில் இருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வந்து இறங்கிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம் வருமான வரிச் சட்டத்துக்குப் பாஸ்போர்ட் முக்கியமில்லை, நாள் கணக்குதான். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை 182 நாள் இங்கே இருந்தால் நீ உள்நாட்டுவாசி. அதைவிடக் குறைந்த நாளுக்கும் ஒரு விதி உண்டு, ஆனால் கடந்த நான்கு வருஷத்தையும் கூட்டினால்கூட நீ இங்கே 365 நாள் இருந்ததில்லை, அதனால் தையில் வந்தாலும் மார்ச் 31 வரை வெளிநாட்டுவாசிதான். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம், சிலருக்கு மூன்று வருஷம், ஆர்.என்.ஓ.ஆர். என்று ஓர் இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் அங்கே வரும் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எதற்கும் இங்கே வரி இல்லை. பணம் முதலில் உன் அமெரிக்கக் கணக்கில் விழவேண்டும், அவ்வளவுதான். விற்கவேண்டியதை அதற்குள் விற்றுக்கொள். அந்த வருஷங்கள் முடிந்தபின் அங்கே உள்ள ஒவ்வொரு கணக்கையும் இங்கே ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் எழுதவேண்டும். விட்டுப்போனால் 2015ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்ச ரூபாய் அபராதம் வைத்திருக்கிறார்கள்.

உன் 401(கே) ஓய்வுக்காலக் கணக்கைப் பற்றி நீ பயப்பட்டாய். அது வருஷாவருஷம் வளர்வதற்கு இங்கே வரி கேட்காமல், எடுக்கும்போது மட்டும் கேட்கிற சலுகை 2021இல் 89ஏ பிரிவாக வந்தது. அதற்கு 10-இஇ என்று ஒரு படிவம் வைத்தார்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதுச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவமும் வேறு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள். அமெரிக்க அரசாங்கம் தரும் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு இங்கே வரியே இல்லை. ரெண்டு நாட்டுக்கும் 1989இல் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு வரி போடும் உரிமை கொடுக்கிற நாட்டுக்கு மட்டும்தான்.

ஆனால் நீ இங்கே குடிவந்தாலும் அமெரிக்கக் குடிமகன். உலகத்தில் எந்த மூலையில் ஒரு ரூபாய் வந்தாலும் அந்த நாட்டுக்குக் கணக்குச் சொல்லவேண்டும். இதை நீ முழுசாக மனசில் வாங்கிக்கொண்டாயா என்பதுதான் என் சந்தேகம். அப்புச்சித் தோட்டத்துத் தென்னைக் குத்தகைப் பணம் இங்கே விவசாய வருமானம், வரி கிடையாது. அங்கே உண்டு. நீ வெளிநாட்டில் இருக்கும்வரை என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அங்கே உண்டு. இங்கே வரி கட்டாததால் அங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. இங்கே உள்ள கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அதாவது சுமார் ஒன்பது லட்ச ரூபாய், அங்கே எஃப்.பி.ஏ.ஆர். என்ற வங்கி அறிக்கை கொடுக்கவேண்டும். அய்யன் போனபிறகு அம்மாவின் கணக்கில் உன் பெயரைச் சேர்த்தோமே, அதுவும் இதில் வரும். பணம் அம்மாவுடையது என்று நீ சொல்லலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் உனக்கு இருந்தாலே போதும், எழுதவேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் இன்னும் மோசம். இங்கத்திய ஃபண்டுகளை அமெரிக்க வரித்துறை தனிவகை வெளிநாட்டு முதலீடாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 8621 என்ற படிவம், லாபத்துக்கு உச்ச விகிதத்தில் வரி, பழைய வருஷங்களுக்கு வட்டி. நம் சொந்தக்காரப் பையன் சொன்னான் என்று நீ ஆரம்பித்த அந்த எஸ்.ஐ.பி.யை அங்கத்திய கணக்கரிடம் காட்டினாயா? காட்டவில்லை என்றால் இப்போதே காட்டு. தெரியாமல் விட்டவர்கள் மூன்று வருஷ ரிட்டர்னும் ஆறு வருஷ வங்கி அறிக்கையும் கொடுத்துச் சரிசெய்துகொள்ள அந்த அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. 2015இல் ரெண்டு அரசாங்கமும் ஃபேட்கா ஒப்பந்தம் போட்டபிறகு நம் வங்கிகளே உன் விவரத்தை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கேட்கும்முன் நீ சொல்வதுதான் மரியாதை.

இனி சின்ன மாமா மகன் விஷயம்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை, உழைப்பாளி. பத்து பவர் டேபிளோடு ஆரம்பித்து நிட்டிங்கும் செக்கிங்கும் வைத்திருக்கிறான். "ஸ்லீப்பிங் பார்ட்னரா இருங்க மச்சான், நீங்க எதையும் பார்க்க வேண்டாம்" என்று உன்னிடம் சொன்னானாமே. 1932ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. கம்பெனி வாங்குகிற ஒவ்வொரு கடனுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் முழுப் பொறுப்பு. நீ போட்ட ரெண்டு கோடியோடு அது நிற்காது. வங்கிக்காரன் நாளைக்கு உன் வீட்டுக்கும் வருவான், உன் டெபாசிட்டுக்கும் வருவான். அமெரிக்கப் பக்கம், ஒரு லட்சம் டாலருக்கு மேல் வெளிநாட்டுப் பார்ட்னர்ஷிப்பில் போட்டால் 8865 படிவம். கொடுக்கத் தவறினால் போட்ட தொகையில் பத்து சதவீதம் அபராதம். ரெண்டு கோடிக்கு இருபது லட்சம். அந்தப் பணத்தை 401(கே)யிலிருந்து ஒரே வருஷத்தில் எடுத்தால் அங்கே உன் வரிப்படி ஏறுவது தனி.

அமெரிக்காவையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், கொஞ்சம் நம் ஊரில் போடலாம் என்றாய். தம்பி, அவன் கம்பெனியில் ஓடுவதும் அமெரிக்க ஆர்டர்தானே! திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அமெரிக்காவின் 50 சதவீத இறக்குமதி வரி அமலுக்கு வந்தபோது பையர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள், தள்ளுபடி கேட்டார்கள். ராத்திரி ஷிஃப்ட் ஓட்டிய யூனிட்டுகள் பகல் ஷிஃப்டுக்கே ஆள் குறைத்தன. உன் பென்ஷனுக்கும் அந்த நாடு, உன் முதலீட்டுக்கும் அந்த நாடு என்றால் பிரித்துப் போட்டதாக எப்படி ஆகும்?

இதெல்லாம் கணக்கு. ஆனால் உனக்கு நான் சொல்லவேண்டியது இதில்லை.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நீ அமெரிக்காவில் இருந்தாய். எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். சாயக்கழிவை விட்டு நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்த பாவத்துக்கு அந்தத் தீர்ப்பு வந்தே ஆகவேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். என் கோபம் வேறு. சின்ன மாமா பட்டறைக் கடனுக்கு அய்யனை ஜாமீன் போடவைத்தாரே, அது. அதையும் மாமா வந்து கேட்கவில்லை. அம்மாவைக் கேட்கவைத்தார். கூடப்பிறந்தவன் கேட்கிறான், ஒரு கையெழுத்துத்தானே என்றாள் அம்மா. அய்யன் கடுதாசியைப் படிக்கக்கூட இல்லை, மச்சினன் முன்னால் கண்ணாடி போட்டுப் படித்தால் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடுமாம். ஜாமீன்தாரனுடைய பொறுப்பு கடன் வாங்கியவனுடைய பொறுப்புக்குச் சமம், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆவது பிரிவு. பட்டறை மூடி ஒரு வருஷம் ஆவதற்குள் வங்கி நோட்டீஸ் வந்தது. மாமா கோயம்புத்தூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார், அவர் பேரில் ஒன்றும் இல்லை. அய்யன் பேரில் ஊர்த்தோட்டம் இருந்தது.

அந்தத் தோட்டம் எப்படிப் போனது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அய்யன் சத்தியம் வாங்கியிருந்தார், நீ அங்கிருந்து பணம் அனுப்பித் தீர்த்துவிடுவாயாம், உன் பிள்ளைகள் காலேஜ் போகிற நேரமாம். ஏலம் எடுத்தவர் கிணற்று மோட்டாரைக் கழற்றும்போது அய்யன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம்தான் இருந்தார். டாக்டர் என்ன பெயர் சொன்னாலும் எனக்குக் காரணம் அந்தக் கடுதாசிதான். மாமா காரியத்துக்கு வந்தார், கண்ணீர்விட்டார். தோட்டத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகன் அப்பன் மாதிரி இல்லை என்பாய். இருக்கலாம். ஆனால் உறவுக்குள் முதல் போட்டால் கணக்குக் கேட்க முடியாது, கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் முதல் போகும். நல்ல பையனாக இருந்தால் இன்னும் கஷ்டம். பையர் பணம் மூன்று மாதம் தள்ளிப்போனால் "மச்சான், இன்னொரு ஐம்பது லட்சம்" என்று கண்ணில் தண்ணீரோடு வருவான். நீ இல்லையென்று சொல்லமாட்டாய். உன்னைத் தெரியும் எனக்கு.

உன்னிடம் டாலர் இருக்கிறது என்று தெரிந்தால் வருபவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை. பாசி ஃபாரெக்ஸ் மோசடி நம் ஊரில்தானே நடந்தது. கூடுதல் வட்டி என்று நம்பி மக்கள் போட்ட பணம் 930 கோடி என்றார்கள், 2022இல் கோவை நீதிமன்றம் இயக்குநர்கள் ரெண்டு பேருக்கு 27 வருஷம் தண்டனை கொடுத்தது. தண்டனை வந்து என்ன, ஏமாந்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்! நிலப் புரோக்கரும் வருவான். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிற வெளிநாட்டுக் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே விவசாய நிலம் வாங்கக்கூடாது, வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். அப்புச்சித் தோட்டம் போதும் நமக்கு. யார் கேட்டாலும் தொகையை மட்டும் வாயைத் திறந்து சொல்லாதே.

இன்னொரு வழியும் இருக்கிறது. முதலை அங்கேயே டாலரில் விடு. 2008 தொடக்கத்தில் டாலர் 39 ரூபாய், 2025இலேயே 88ஐத் தாண்டிவிட்டது. நம் செலவு ரூபாயில்தான். மாதாமாதம் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள். சோஷியல் செக்யூரிட்டியை அவசரப்பட்டு இப்போதே எடுக்காதே. நீ 1960க்குப் பிறகு பிறந்தவன், 67இல்தான் முழுத்தொகை, அதற்குமேல் 70 வரை வருஷத்துக்கு எட்டு சதவீதம் கூடும். உனக்குப் பின் அம்மிணிக்கு வரப்போவதும் அந்தத் தொகைதான், அதை நினைத்துப் பார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது 7162 என்று ஒரு படிவம் தபாலில் வரும். பூர்த்திசெய்து திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். அங்கத்திய மெடிகேர் காப்பீடு இங்கே எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லாது. ஆனால் பி பகுதியை விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்தால் ஒவ்வொரு வருஷத் தாமதத்துக்கும் பத்து சதவீதம் ஆயுள் முழுக்கக் கூடக் கட்டவேண்டும், பிள்ளைகளிடம் திரும்பப் போகிற எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள். இங்கே 65 வயசுக்கு மேலும் இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி மாறியிருக்கிறது. வந்த உடனே எடு, பழைய வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

அந்தப் பையனுக்கு உதவியே ஆகவேண்டும் என்று மனசு கேட்டால், போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஒரு தொகையை அன்பளிப்பாகக் கொடு. பார்ட்னர் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். இதற்குமேல் உன் இஷ்டம்.

எழுதியதைத் திரும்பப் படித்தால் திட்டித் தீர்த்தது போல இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் குடும்பத்தில் கணக்கு என்றாலே உன்னைத்தான் சொல்வார்கள். அத்தனை வருஷம் தனியாகப் போராடி வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் கேட்கும்முன் அனுப்பியவன் நீ. உன்னைப்போல ஒரு தம்பி யாருக்கு அமையும்! மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பாத்ரூமில் பிடிமானக் கம்பி போட்டிருக்கிறேன், ஜன்னலுக்குக் கொசுவலை, அம்மிணிக்கு வெஸ்டர்ன் டாய்லெட். வீடு பார்க்கிறேன் என்று அவசரப்படாதே, ஒரு வருஷமானாலும் எங்களோடு இரு. அரிசியும் பருப்பும் சோறு தினமும் வேண்டுமானாலும் ஆக்குகிறேன், பொங்கலுக்கு ஒப்புட்டும் உண்டு. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் வேண்டாம், உன் மச்சான் தானே வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

உன் அக்கா

பி.கு.: சின்ன மாமா மகன் ஏதாவது பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கையெழுத்துப் போடாதே, முதலில் எனக்கு அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுச் சொல்கிறேன்.